யேசூ எஃப்டி-8800ஆர்: ஹைப்பர் மெமரியில் விண்வெளி நிலையம்

எஃப்டி-8800ஆர் ரேடியோவைக் காரில் வைத்திருக்கும் புது ஹாம்கள் (உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள்) பலர், முகப்பில் 1 முதல் 6 வரை உள்ள சின்ன விசைகளைத் தொடுவதே இல்லை. சாதாரண மெமரி சேனலில் ஒரு ஃப்ரீக்வென்சியும் அதற்கான டோன் (குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த ஒலி), பவர் போன்றவையும்தான் பதியும். இந்த ஆறு விசைகளில் பதிவது, ரேடியோவின் இடப்பக்கமும் வலப்பக்கமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை மொத்தமும். அதுதான் ஹைப்பர் மெமரி.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரை (ஒரு ஃப்ரீக்வென்சியில் கேட்பதை இன்னொன்றில் திருப்பி அனுப்பும் கருவி) வைத்தே பழகுவோம். நிலையம் நம் வானத்தைக் கடக்கச் சுமார் 10 நிமிடம்தான் ஆகும். அந்த நேரத்தில் மெனுவைத் துழாவ முடியாது.

1. இடப்பக்கம் 145.990 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள். செட் மெனுவில் 67.0 ஹெர்ட்ஸ் டோனைத் தேர்ந்து, அந்த டோனை அனுப்பும் என்கோடரை ஆன் செய்யுங்கள். டோன் இல்லாமல் ரிப்பீட்டர் திறக்காது. திரையில் + அல்லது − குறி தெரிந்தால் ஷிஃப்டை (அனுப்பும் ஃப்ரீக்வென்சியைத் தானாக நகர்த்துவது) எடுத்துவிடுங்கள்.

2. நிலையத்தைக் கேட்க வலப்பக்கம் 437.800. டோன் வேண்டாம். ஸ்டெப் (குமிழின் ஒரு திருகலுக்கு நகரும் அளவு) 5 கிலோஹெர்ட்ஸ்.

3. அனுப்புவது இடப்பக்கம் என்பதால் அதையே மெயின் (அனுப்பும் பக்கம்) ஆக்குங்கள்.

4. இப்போது 1-ஆம் விசையை இரண்டு வினாடி அழுத்திப் பிடியுங்கள். பீப் கேட்டதும் விட்டுவிடலாம், பதிந்துவிட்டது.

திரும்ப அழைக்க அதே விசையை ஒரே தட்டு. இங்கேதான் கவனம் தேவை: தட்டினால் அழைக்கும், பிடித்தால் பழையதன் மேல் எழுதிவிடும். ஓடும் வண்டியின் குலுக்கலில் விரல் சற்று அதிக நேரம் அழுந்தி, நான் அரை மணி நேரம் உட்கார்ந்து அமைத்ததெல்லாம் ஒரு பீப்பில் போய்விட்டது. அன்று முதல் ஆறு விசையின் விவரங்களையும் ஒரு அட்டையில் எழுதி சன்வைசரில் செருகி வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதிவையுங்கள்.

வால்யூமும், சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச்சும் கையால் திருகும் குமிழ்கள். அவை சேமிப்பில் வராது. பலவீனமான சிக்னலைக் கேட்க, ஸ்க்வெல்ச்சை இரைச்சல் லேசாக எட்டிப்பார்க்கும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

நிலையம் வரும் நேரம் வண்டியை ஓரங்கட்டி, 1-ஐத் தட்டுங்கள். டாப்ளர் விளைவால் (நிலையத்தின் வேகத்தால் கேட்கும் ஃப்ரீக்வென்சி மாறுவது) நெருங்கி வரும்போது 437.810-இல் கேட்கும், உச்சிக்கு வரும்போது 437.800, விலகும்போது 437.790. வலக் குமிழை மட்டும் மெல்லக் கீழிறக்கினால் போதும். 145.990-ஐத் தொட வேண்டாம், அங்கே விலகல் சிறியது. ரிப்பீட்டர் எல்லா நாளும் இயங்காது; குரல் கேட்கிறதா என்று முதலில் கவனியுங்கள். கேட்டால், உரிமம் உள்ளவர்கள் பிடிடியை (மைக்கில் பேசும்போது அழுத்தும் விசை) அழுத்தித் தங்கள் கால்சைனை (உரிமத்தில் தந்த அடையாளக் குறி) ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.