உறுப்புதானம் செய்தவரின் இறுதிச் சடங்கு: குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

மூளைச்சாவுச் (கருவிகளின் உதவியால் இதயம் துடித்தாலும் மூளை மீளமுடியாதபடி செயலிழந்துவிட்ட நிலை) செய்தி ஊருக்குப் போனதும் உறவினரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்பதுதான். உறுப்புதானத்துக்குச் சம்மதித்த குடும்பம் இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது நல்லது. நேரத்தைச் சொல்லிவிட்டு, உடல் வராமல் பந்தலில் கூட்டம் காத்திருப்பதுதான் இந்தச் சூழலில் மிகக் கொடுமையான காட்சி.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைச்சாவை உறுதிசெய்ய வேண்டும். இறந்தவர் உயிரோடிருந்தபோதே தானப் பதிவு செய்திருந்தாலும் நெருங்கிய உறவினரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தைக் கேட்பார்கள். அதன்பின் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் காத்திருப்போர் பட்டியலின்படி உறுப்புகளை ஒதுக்கும். வேறு மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைக் குழுக்களும் வந்துசேர வேண்டும். விபத்தில் அடிபட்டவரென்றால் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் கூடுதலாக உண்டு. இவையெல்லாம் முடிய ஒரு முழு நாள் ஆனாலும் வியப்பில்லை.

ஆகவே மருத்துவமனையில் ஒருவர், வீட்டில் ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் இருப்பவர், பிரேதப் பரிசோதனை எங்கே, எப்போது என்பதை அங்குள்ள உறுப்புதான ஒருங்கிணைப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டும். வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் அதைச் செய்ய 2021 முதல் அனுமதி இருப்பதால், விடியும்வரை காத்திருக்கச் சொன்னால் காரணத்தைக் கேட்பதில் தவறில்லை. இறப்புச் சான்றில் எந்த நேரம் குறிக்கப்படுகிறது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதயம் நின்ற நேரத்தை மனத்தில் வைத்துத் திதி கணித்துவிட்டு, பிறகு சான்றிதழைப் பார்த்துக் குழம்பும் வீடுகள் உண்டு.

உடலைப் பற்றிய அச்சம்தான் பெரியவர்களிடம் அதிகம். நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை தையல் இருக்கும், முகம் மாறியிருக்காது. கண்களைத் தந்திருந்தாலும் இமைகள் மூடியபடியே இருக்கும். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் தலையிலும் தையல் இருக்கும். குடம் குடமாக நீர் ஊற்றினால் கசிவு ஏற்படக்கூடும் என்பதால், சுற்றிய துணியைப் பிரிக்காமல், முகத்தையும் கைகால்களையும் துடைத்து, எண்ணெயும் சீயக்காயும் ஒப்புக்குத் தொட்டுவைத்து, கோடித் துணியைப் போர்த்துவது போதுமானது. நீர்மாலை, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம் எதற்கும் தடையில்லை. முழுமையாகக் குளிப்பாட்டியே ஆகவேண்டிய இஸ்லாமியக் குடும்பங்கள், தையலின் மேல் நீர் புகாத ஒட்டுப்பட்டை போட்டுத்தரும்படி மருத்துவமனையிலேயே கேட்டுவிட்டு, குளிப்பாட்டுபவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் வேறொரு அதிகாரியோ வந்து மலர்வளையம் வைப்பார். வீட்டு முகவரி, அடக்கம் அல்லது தகனம் நடக்கும் இடம், பேச வேண்டியவரின் கைபேசி எண் ஆகியவற்றை ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்து, மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதிகாரி வந்துசேர ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு, உடல் புறப்பட்ட பிறகே "எடுக்கும் நேரத்தை" ஊருக்குச் சொல்லுங்கள்.

உறுப்புகளைப் பாதுகாக்கவும் எடுக்கவும் ஆகும் செலவைத் தானம் செய்த குடும்பத்திடம் வசூலிக்க விதிகளில் இடமில்லை. அதற்கு முந்தைய சிகிச்சைக் கட்டணம் வேறு, ஆகவே இரண்டையும் பிரித்துக் காட்டும் ரசீதைக் கேளுங்கள். அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுசெல்ல இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களைச் சடங்குகள் முடிந்ததும் வாங்கி வையுங்கள். விபத்து இழப்பீட்டுக்கும் காப்பீட்டுக்கும் அவை இல்லாமல் நகராது. உறுப்புகளைப் பெற்றவர்கள் யார் என்பதை மட்டும் மருத்துவமனை சொல்லாது.