உப்பைத் தாங்கும் செடி, உப்பைத் தாங்காத விதை

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்தது 1960களின் இறுதியிலேயே தெரியவந்துவிட்டது. இன்று எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் கரிக்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தக்காளியும் அவரையும் கருகிப்போன வீட்டுக்காரர்களுக்கு அடுத்து வரும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: பாலைவனச் செடி வைத்துவிடலாம். யோசனையில் பிழையில்லை. வைக்கிற முறையில்தான் கோளாறு.

வறட்சியும் உப்பும் ஒன்று என்று நினைப்பதில் அது தொடங்குகிறது. கள்ளி பாலைவனத்துச் செடிதான். ஆனால் பெரும்பாலான கள்ளி இனங்களுக்கு உப்பு ஆகாது. குறைந்த நீரில் வாழ்வது வேறு திறமை, சோடியத்தைச் சமாளிப்பது வேறு திறமை. எண்ணூர்க் கழிமுகத்து ஓரங்களில் தடித்த சிறு இலைகளோடு மண்டிக் கிடக்கும் உமரியிடம் இரண்டாவது திறமை உண்டு. உள்ளே வரும் சோடியத்தை அது இலைச் செல்களின் நுண்குமிழிகளுக்குள் அடைத்துவைத்து, தண்ணீரையும் அங்கேயே சேர்த்துக்கொள்கிறது. இலை தடித்திருப்பது அதனால்தான். ராஜஸ்தானத்து உகாய் மரமும் உவர்நிலத்தில் தாக்குப்பிடிக்கும். உங்களுக்குத் தேவை இந்த வகை. கடைக்காரர் 'டெசர்ட் பிளான்ட்' என்று தருவதெல்லாம் இந்த வகை ஆகாது.

சரியான செடியையே தேர்ந்தெடுத்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. உப்பைத் தாங்கும் செடியாயிற்றே என்று விதையை உவர்மண்ணிலேயே ஊன்றி, அதே போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். உமரி போன்ற உவர்நிலச் செடிகளிலும் பெரும்பாலானவற்றின் விதைகள் நல்ல தண்ணீரில்தான் நன்றாக முளைக்கின்றன. வளர்ந்த செடி தாங்கும் உப்பில் பாதியைக்கூடப் பல விதைகள் தாங்குவதில்லை. முளைப்பின் முதல் வேலை நீரை உறிஞ்சுவது. உப்புக் கரைசலோ நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு, வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு மேலேறி மேல்மண்ணில் படிகிறது. விதை கிடப்பதும் அந்த மேல் ஓரிரண்டு சென்டிமீட்டரில்தான். மொத்த நிலத்திலும் உப்பு மிகுந்த இடத்தில், செடி தன் வாழ்வின் மிக பலவீனமான நாட்களைக் கழிக்க வேண்டியிருக்கிறது.

இயற்கை இதற்குக் கண்டிருக்கும் வழிகளில் ஒன்று எண்ணூரிலேயே இருக்கிறது. வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் விதை, காய் மரத்தில் இருக்கும்போதே உள்ளுக்குள் முளைத்துவிடுகிறது. சேற்றில் விழுவது விதையன்று, தயார்நிலையிலுள்ள ஒரு நாற்று. நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்: லாரித் தண்ணீரிலோ பிடித்துவைத்த மழைநீரிலோ தட்டில் முளைக்கவிட்டு, நான்கைந்து இலை வந்தபின் உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கி, அதன்பின் நடுவது.

முளைக்காத விதையைச் செத்ததாக எண்ணித் தொட்டியைக் கவிழ்ப்பதும் அவசரம். உவர்நிலச் செடிகளின் விதைகள் உப்பில் உறங்கிக் கிடந்து, நல்ல நீர் பட்டதும் எழுந்துவிடுவது வழக்கம். சில உமரி இனங்கள் ஒரே செடியில் இரு வகை விதை தருகின்றன: பழுப்பு விதை உடனே முளைக்கும், கறுப்பு விதை காத்திருக்கும். பாலைவனத்து ஓராண்டுச் செடிகள் பலவற்றின் விதையுறையில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் உள்ளன; அவற்றைக் கழுவிவிடும் அளவுக்கு மழை பெய்தால்தான் முளை வரும். தூறலுக்கு ஏமாறாத விதை! நன்றாகப் பெய்த ஆண்டிலும் எல்லா விதையும் முளைத்துவிடாது. அடுத்த ஆண்டு பொய்த்தால் வம்சம் அழியக் கூடாதே என்பதற்கான இந்த ஏற்பாட்டை உயிரியலாளர் டான் கோஹன் 1966இல் கணிதமாகவே எழுதிக் காட்டினார். ஆகவே முதல் தடவை பத்தில் மூன்று முளைத்தால் அது தோல்வியன்று. மீதியை நல்ல தண்ணீரில் அலசி மறுபடி ஈரத் துணியில் வையுங்கள்.

எல்லா விதையும் இப்படிப் பொறுமைசாலி என்றும் நினைத்துவிடாதீர்கள். மத்திய ஆசியாவில் ஆரல் கடல் வற்றிய தரையில் நடப்படும் சாக்சவுல் மரத்தின் விதை ஓராண்டுக்குள் உயிர்ப்பை இழந்துவிடும். இணையத்தில் வாங்கும் பாக்கெட்டில் அறுவடைத் தேதி இல்லையென்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

நாமே உப்பைக் கொண்டுவந்து கொட்டும் கதை தனி. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றுகிறோம். போரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கிறது. அதை மாடி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு உண்டு, ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவிப் பிழியாமல் நாற்றுக்குப் போடாதீர்கள்.

தினமும் கொஞ்சமாகத் தெளிப்பதும் கெடுதலே. தெளித்த நீர் ஆவியாகி உப்பை விட்டுச் செல்லும். இடைவெளி விட்டு, தொட்டியின் அடித்துளை வழியே வழியும் அளவுக்கு ஊற்றினால் உப்பும் சேர்ந்து இறங்கும். மணலி போன்ற தாழ்வான இடங்களில், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் தரையில் இது பலிக்காது. அங்கே மேட்டுப்பாத்தி போட்டே ஆக வேண்டும். வேர் நீரில் மூழ்கி மூச்சுத் திணறினால் சோடியத்தைத் தடுத்து நிறுத்தும் சக்தியை அது இழக்கிறது. உப்பும் தேக்கமும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிடப் பெரிய சேதம். விதைப்புக்கு என் கணக்கில் ஏற்ற காலம் நவம்பர் இறுதி, டிசம்பர். வடகிழக்குப் பருவமழை மேல்மண்ணைக் கழுவியிருக்கும், மழையின் வேகமும் தணிந்திருக்கும், கோடையில் உப்பு மேலேறும் முன் வேர் கீழே போய்விடும். சித்திரை வெயிலில் விதைப்பவரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

கடைசியாக ஜிப்சம். உப்பு மண் என்றதும் உரக்கடையில் ஒரு மூட்டையைத் தூக்கித் தந்துவிடுவார்கள். சோடியம் மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுகவைத்த களர்நிலத்துக்குத்தான் அது மருந்து: அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். வெறும் உவர்நிலத்தில் ஜிப்சமும் இன்னொரு உப்பு, அவ்வளவே. களர்நிலமானாலும், பெயர்ந்த சோடியத்தைக் கழுவி வெளியேற்ற நல்ல நீரும் வடிகாலும் இல்லையென்றால் அது அதே இடத்தில்தான் நிற்கும். எனவே முதலில் மண்பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உவர். கார அமிலநிலை (pH) 8.5ஐத் தாண்டி, மாற்றுச் சோடியம், அதாவது மண்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு, 15 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் களர். முடிவுத்தாளில் சோடிய விழுக்காடு இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் கேட்டால்தான் அளக்கிறார்கள்.