குளத்தோரம் கழிவுநீர்ப் பாத்தி கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருநெல்வேலிப் பக்கம், பாளையங்கால்வாய்ப் பாசனக் குளம் ஒன்றின் ஓரத்தில் நாலு தம்பிகள் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள். தெருச் சாக்கடையைத் தொட்டியில் தெளியவிட்டு, கல்வாழை நட்ட சரளைப் பாத்தி வழியாகக் குளத்துக்கு விடும் வேலை. அவர்கள் நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. பல வருடத்துக்கு முன்பு நானும் அப்படி ஒரு இடத்தில்தான் நின்றேன்.

சாக்கடையில் பிளாஸ்டிக் போடாதே, தொட்டிக்கு மூடி போடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

சித்திரையில் பார்த்த தரையை நம்புவது

சித்திரையில் நம் குளங்கள் வெடித்துக் கிடக்கும், உள்ளே ஆடு மேயும். அந்தக் காய்ந்த தரையைப் பார்த்துத்தான் நான் வெளிக்குழாய்க்கு மட்டம் வைத்தேன். மடை திறந்துவிடும் தாத்தா வந்து, "எய்யா, குளம் பெருகுனா தண்ணி இந்தப் புளியமரத்துத் தூரைத் தொடும்லா?" என்றார். மேப்பில் அப்படி இல்லையே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

முதல் வருடம் மழை பொய்த்தது. கல்வாழை பூத்தது, நானும் ஆள் கூட்டி வந்து காட்டினேன். மறு வருடம் கார்த்திகையில் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. வெளிக்குழாய் முங்கி, குளத்துத் தண்ணீர் பின்னோக்கி ஏறித் தொட்டிக்குள் புகுந்தது. அதுவரை சேர்ந்த கசடு முழுக்க மிதந்து குளத்துக்குள் போய்விட்டது. வடிந்த பிறகு சரளை இடுக்கெல்லாம் வண்டல். அவ்வளவு சரளையையும் அள்ளி அலசிப் போட்டோம். கட்டின செலவில் பாதி அதற்கே போயிற்று.

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கட்டுதான் கலிங்கு. மட்டத்தை அந்தக் கலிங்கின் தலையிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் நிரப்பிய டியூபோடு தவணை தவணையாக உங்கள் இடம் வரை வாருங்கள். மறுகால் பாயும்போது தண்ணீர் கலிங்குக்கு மேலேயும் நிற்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஊரில் கேளுங்கள். வெளிக்குழாயின் அடி இதற்கெல்லாம் மேலே இருக்க வேண்டும். இடம் அமையாவிட்டால் தெருப் பக்கம் தள்ளி வாருங்கள். "மோட்டார் வச்சு ஏத்திரலாம் அண்ணே" என்றான் ஒரு தம்பி. அடைமழை ராத்திரியில் கரண்ட் இருக்குமா? சரி, டியூபைப் பிடித்துப் பார்ப்போம் என்றேன். கலிங்கு மட்டம் அவன் இடுப்புக்கு மேலே வந்து நின்றது.

மழைநீரை அதே குழாயில் சேர்ப்பது

கூடாது.

நாற்றத்துக்கு பிளீச்சிங் பவுடர் கொட்டுவது

கசடைத் தின்னும் நுண்ணுயிர்தான் முதலில் சாகும்.

பழைய தண்ணீர்க் கணக்கில் தொட்டி கட்டுவது

அடிபம்பு காலத்துக் கணக்கு இப்போது உதவாது. ஜல் ஜீவன் குழாயில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. அதில் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் வரும். அப்புறம், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கசடு எடுக்க லாரி வர வேண்டும். வண்டி வர வழி விடாமல் கட்டிய தொட்டிகளை எண்ணி மாளாது.

அள்ளிய அமலையை, அதாவது ஆகாயத்தாமரையை, கரையிலேயே குவிப்பது

சரளைப் பாத்தி அழுக்கை எடுக்கும், உரச்சத்தை முழுதாக எடுக்காது. அதனால் அமலை வரத்தான் செய்யும். அள்ளிக் கரையில் போட்டால் அழுகிய சாறு அடுத்த மழைக்கே குளத்துக்குத் திரும்பும். கரையைத் தாண்டி, சரிவு குளத்துப் பக்கம் இல்லாத இடமாகப் பார்த்துக் கொட்டுங்கள்.