நண்பகலில் மட்டும் வந்த கோடுகள்

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைப் பக்கம் ஒரு செம்மண் மேட்டில், புதைந்த செங்கல் சூளையைத் தேடி காந்தப்புலத்தை அளக்கும் ஒற்றை சென்சார் மேக்னட்டோமீட்டருடன் நடந்தோம். அந்த அளவுகளில் வரைந்த வரைபடமெங்கும் வேண்டாத கோடுகள். செல்போன், பெல்ட், சாவி எல்லாம் கழற்றியாயிற்று; பேட்டரி, கேபிள் மாற்றியாயிற்று. பலனில்லை.

காலையில் நடந்த வரிசைகள் மட்டும் சுத்தமாக இருந்தன. அதுதான் துப்பு. காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடு, இந்தத் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதன்மேல் சுமார் 100 கி.மீ. உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டம், நண்பகலில் காந்தப்புலத்தைப் பல பத்து நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) ஏற்றிவிடும். புதைந்த சுவர் காட்டுவதோ பெரும்பாலும் சில நானோடெஸ்லாதான்!

முட்கம்பி வேலிக்கு எட்டாத ஒரு பனையடியில் இன்னொரு கருவியை அசையாமல் நிறுத்தி, இரண்டின் கடிகாரத்தையும் ஒத்துவைத்து, அதன் ஏற்றஇறக்கத்தைக் கழித்தோம். கோடுகள் போயின. அப்பாடா.

அப்புறம் ஒன்று: இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய கிடைமட்டம். அதனால் சூளை தெரிந்தது ஏற்றமாக அல்ல, இறக்கமாக. வடக்கிலும் தெற்கிலும்தான் சிறு ஏற்றங்கள். வடக்கு-தெற்காக ஓடும் நீளச் சுவர் என்றால் முனைகள் மட்டுமே காட்டும்.