குறைந்த செலவில் ஒற்றை கியர் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், இரண்டையும் இணைக்க ஒரு செயின் என்று ஒற்றை கியர் சைக்கிளின் அமைப்பு எளிமையாக இருப்பதாலேயே, பழைய ஃப்ரேம் ஒன்றும் மலிவான உதிரிபாகங்கள் சிலவும் கைக்குக் கிடைத்தால் எதையும் எதோடும் பூட்டிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. உண்மையில் நிலைமை தலைகீழானது. கியர் மாற்றும் சைக்கிளில் செயினின் தொய்வையும் சிறிய கோணலையும் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) தாங்கிக்கொள்ளும். ஒற்றை கியரில் அந்த உதவி இல்லை. பாகம் மலிவானது என்பதற்காக வண்டி கெடுவதைவிட, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் கெடுவதே அதிகம். எனவே ஃப்ரேமை முழுவதும் அளந்து எழுதிக்கொள்ளும் முன்பு ஒரு நட்டைக்கூட வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இதில் இரண்டு வகை உண்டு. ஃப்ரீவீல் பொருத்திய சிங்கிள் ஸ்பீடில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானாக உருளும். ஃபிக்ஸட் கியரில் பல்சக்கரம் சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்போடு நேரடியாக இறுகியிருப்பதால், சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டேயிருக்கும். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். முதல் வகையில் வெறும் எரிச்சலோடு முடிகிற தவறு இரண்டாம் வகையில் எலும்பு முறிவில் முடியக்கூடும் என்பதால், எதைக் கட்டப்போகிறோம் என்பதை ஃப்ரேம் தேடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ஃப்ரேமின் நிறத்தையும் எடையையும் பார்த்து வாங்குவது பரவலான தவறு. முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட்டை. அந்தப் பிளவு கிடைமட்டமாகவோ சாய்வாகவோ இருந்தால் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்க முடியும். செங்குத்தாக இருந்தால் சக்கரம் உட்கார ஒரே ஓர் இடம்தான் உண்டு. அத்தகைய ஃப்ரேமில் சிங்கிள் ஸ்பீடு கட்டுபவர் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒன்றை மாட்டிச் சமாளித்துக்கொள்ளலாம். ஃபிக்ஸட் கியருக்கு அது ஒருபோதும் ஆகாது, ஏனென்றால் பின்னோக்கி மிதிக்கும்போது செயினின் கீழ்ப்பகுதி முழு விசையோடு விறைத்து டென்ஷனரையே பிடுங்கிவிடும். பற்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்த்து, செயின் கச்சிதமாக உட்காரும் ஒரு கூட்டைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. ஆனால் செயின் தேயத் தேய நீளும் என்பதால், அந்தக் கச்சிதம் நெடுநாள் நீடிக்காது. பழைய ஃப்ரேம் என்றால் ஹெட் டியூபுக்கு (ஹேண்டில்பார் திரும்பும் முன்குழாய்) பின்புறம் கீழ்க்குழாயில் வீக்கமோ பெயின்ட் வெடிப்போ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், சீட் போஸ்ட் சிக்கிக்கொள்ளாமல் மேலும் கீழும் நகர்கிறதா என்று சோதிப்பதும் அவசியம். வீங்கியிருந்தால் அந்த ஃப்ரேம் எங்கோ முன்பக்கமாக மோதியிருக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து அளக்க வேண்டியது இரண்டு டிராப்அவுட்டுகளுக்கு இடையிலுள்ள அகலம். ஃபிக்ஸட் கியருக்கான டிராக் ஹப்புகள் பெரும்பாலும் 120 மி.மீ. அகலத்துக்குச் செய்யப்பட்டவை, பழைய ரோடு ஃப்ரேம்களில் அந்த இடைவெளி 126, அதன் பிறகு வந்தவற்றில் 130, மவுன்டன் வகைகளில் 135 மி.மீ. என்று இருக்கும். 126-இல் 120-ஐப் பூட்ட அச்சின் இருபுறமும் 3 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் வளையம்) போட்டால் போதும், அச்சு அதற்குத் தேவையான நீளம் இருந்தால். ஸ்பேசர் போடாமல் நட்டை இறுக்கியே ஃப்ரேமை நெருக்கிக்கொள்வது பலர் கையாளும் குறுக்குவழி. இரும்பு ஃப்ரேமைத் தெரிந்தவர் ஒருவர் முறையாக வளைத்துக் கொடுத்தால் பிழையில்லை. அலுமினியத்தை அப்படி வளைக்கக் கூடாது, அது எச்சரிக்கையின்றி விரிசல் விடும்.

எல்லாத் தவறுகளிலும் கொடியது ஹப்பில் செய்யப்படுவது. முறையான ஃபிக்ஸட் ஹப்பில் இரண்டு படிகளாக மரை வெட்டப்பட்டிருக்கும். பல்சக்கரம் ஏறும் பெரிய படியில் வழக்கமான வலமரை. அதற்கு வெளியே, சற்றுச் சிறிய படியில், பல்சக்கரம் கழலாமல் பூட்டும் வளையமான லாக் ரிங்குக்கான இடமரை. பின்னோக்கி மிதிக்கும்போது பல்சக்கரம் கழல முயன்றால் லாக் ரிங்கைத் தள்ளும். எதிர்த்திசை மரை என்பதால் லாக் ரிங் மேலும் இறுகிப் பல்சக்கரத்தைத் தடுத்து நிறுத்தும். சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் அந்த இரண்டாம் படி கிடையாது. இருந்தும் ஃபிக்ஸட் பல்சக்கரம் அதில் தடையின்றி ஏறிவிடும், ஏனெனில் இரண்டுக்கும் மரை அளவு ஒன்றே. இந்தப் பொருத்தம்தான் பலரை ஏமாற்றுகிறது. பல்சக்கரத்தை ஏற்றி, பழைய பாட்டம் பிராக்கெட்டின் (பெடல்களைச் சுழற்றும் அச்சு அமரும் பாகம்) லாக் ரிங் ஒன்றை அதன் மேல் திருகி, மரைப் பசையும் பூசிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த லாக் ரிங்கும் வலமரைதான். பல்சக்கரம் கழன்றால் அதுவும் சேர்ந்தே கழலும். சரிவில் இறங்கும்போது வேகத்தைக் குறைக்கக் காலை அழுத்துகிற அந்தக் கணத்தில் பெடல் வெறுமனே சுற்றும், செயின் கழன்று சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஆங்கிலம் பேசும் நாடுகளின் சைக்கிள்காரர்கள் இதற்குத் தற்கொலை ஹப் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கையில் இருப்பது ஃப்ரீவீல் ஹப் மட்டும்தான் என்றால் ஃப்ரீவீலைப் போட்டு சிங்கிள் ஸ்பீடாக ஓட்டுங்கள். அது முழுமையான, நல்ல வண்டிதான். பல கியர்களுக்காகக் கட்டிய பழைய சக்கரத்தில் ரிம் வலப்பக்கமாக ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதால், ஸ்பேசர்களை இடம் மாற்றி, ஸ்போக்குகளைத் திருத்தி, ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

செயினிலும் பல்சக்கரத்திலும் இரண்டு அகலங்கள் புழங்குகின்றன: 1/8 அங்குலம், 3/32 அங்குலம். அகலமான செயின் மெல்லிய பல்லில் ஓடும். மெல்லிய செயின் அகலமான பல்லில் உட்காராது. எதைச் சேர்ப்பது என்று சந்தேகம் வந்தால் 1/8 செயினை வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது செயின் போகும் கோடு. ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து முன்பல்சக்கரம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதே தொலைவில் பின்பல்சக்கரமும் இருக்க வேண்டும். டிராக் ஹப்புகளில் இது ஏறத்தாழ 42 மி.மீ. இரண்டு பல்சக்கரங்கள் பூட்டிய பழைய ரோடு கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) என்றால், ஒற்றைப் பல்சக்கரத்தை உட்பக்க இடத்தில் பூட்டினாலே பெரும்பாலும் இதை நெருங்கிவிடலாம். அதற்குக் குட்டையான போல்ட்டுகள் தேவைப்படும். எஞ்சிய வித்தியாசத்தைப் பாட்டம் பிராக்கெட் அச்சின் நீளத்தை மாற்றிச் சரிசெய்யலாம்.

செயின் இறுக்கத்தில் பொறுமை வேண்டும். செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்தால் சுமார் 1 செ.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். மலிவான முன்பல்சக்கரங்கள் துல்லியமான வட்டமாக அமைவதில்லை. கிராங்கை மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் விறைப்பதும் எதிர்ப்புறத்தில் தொங்குவதும் கண்ணுக்குத் தெரியும். பலர் தொங்கும் இடத்தில் இறுக்கிவிடுகிறார்கள். அப்போது விறைக்கும் இடத்தில் பேரிங்குகள் நசுங்கும். விறைக்கும் இடத்தில் நிறுத்தி, பல்சக்கரத்தின் போல்ட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் செயினின் மேல் லேசாகத் தட்டினால், பல்சக்கரம் மயிரிழை நகர்ந்து நடுவுக்கு வரும். பிறகு போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கி மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் ஆட்டம் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடும். ஆனால் ஃபிக்ஸட் வண்டியில் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது செயினைத் துணியால் துடைப்பதோ விரலால் தொடுவதோ கூடவே கூடாது. விரல் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே போனால் சக்கரம் அங்கே நிற்காது. விரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பின்னோக்கி மிதித்தே நிறுத்திவிடலாம் என்று முன் பிரேக்கைத் தவிர்ப்பது காசை மிச்சம் பிடிக்கும் இடமன்று. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு நகர்ந்துவிடுவதால், பின்சக்கரத்தை மட்டும் நம்புபவருக்கு நிற்பதற்கு ஏறத்தாழ இரு மடங்கு தூரம் தேவைப்படும். சிங்கிள் ஸ்பீடில் இரண்டு பிரேக்குகளும் கட்டாயம். பளபளக்கும் வண்ண ரிம்களை வாங்கும் முன் பிரேக் கட்டை உரசும் பக்கவாட்டுப் பரப்பு பெயின்ட் பூசாமல் சீவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம்கள் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பதே இல்லை என்னுமளவுக்கு வழுக்கும். 27 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 700சி போடுபவர்கள், டயர் உட்காரும் விட்டம் 630-லிருந்து 622 மி.மீ.க்குக் குறைவதால் பிரேக் கட்டைகள் 4 மி.மீ. கீழிறங்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பற்களின் எண்ணிக்கையில் 44-க்கு 16 (முன்னால் 44, பின்னால் 16) என்ற அளவு சமதரையில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கி நிறுத்துபவர்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. 48-க்கு 16 என்பது சரியாக மூன்று மடங்கு என்பதால், ஒரே காலை முன்வைத்து வழுக்குபவரின் டயர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தேயும். 48-க்கு 17 என்று மாற்றினால் அந்தத் தேய்மானம் 17 இடங்களுக்குப் பரவும்.

ஹேண்டில்பார், சீட், பெடல் ஆகியவற்றில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம், அளவுகள் பொருந்தும்வரை. கிராங்கில் மட்டும் கவனம் தேவை. சதுர அச்சில் ஏறும் மலிவான அலுமினியக் கிராங்கின் போல்ட் சற்றே தளர்ந்த நிலையில் ஓட்டினால் துளையின் மூலைகள் உருண்டுவிடும்; அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது. ஃபிக்ஸட் கியரில் வளைவுகளிலும் பெடல் சுற்றிக்கொண்டேயிருப்பதால், தரையில் தட்டாதிருக்க 165 மி.மீ. கிராங்க் நல்லது. இடப்பக்கப் பெடலுக்கு இடமரை என்பதை மறந்து பலவந்தமாகத் திருகினால் கிராங்கே வீணாகும்.

கட்டி முடித்த அன்றே நெடுந்தூரம் கிளம்ப வேண்டாம். சிறிது தூரம், முடிந்தால் ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்துவிட்டுத் திரும்புங்கள். அந்த விசையில் பின்பல்சக்கரம் மரையில் இன்னும் கொஞ்சம் உள்ளே இறுகியிருக்கும். அதற்கும் லாக் ரிங்குக்கும் இடையே மெல்லிய இடைவெளி விழுந்திருக்கும். லாக் ரிங் ஸ்பேனரை எடுத்து, அந்த இடைவெளி மூடும்வரை இடப்புறமாகத் திருகி இறுக்கிவிட்டு, கிராங்க் போல்ட்டுகளையும் அச்சின் நட்டுகளையும் அப்போதே ஒருமுறை சரிபாருங்கள்.