லண்டனில் கார் இல்லாமல் சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனைச் சுற்றிப் பார்க்க வருபவருக்குச் சொந்தக் கார் தேவையில்லை. நகரின் மையப் பகுதிக்குள் வண்டியோடு நுழைவதற்கு 2003 முதல் நெரிசல் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. உள்ளே போன பிறகு வண்டியை நிறுத்த இடம் தேடுவதும் பெரும்பாடு. 1863இல் தொடங்கி இன்று 272 நிலையங்களாக விரிந்திருக்கும் சுரங்க ரயிலும், தெருவுக்குத் தெரு ஓடும் சிவப்புப் பேருந்துகளும் போதும். ஆனால் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் பணத்தையும் நேரத்தையும் இழப்பதைக் காண வருத்தமாக இருக்கிறது. கொஞ்சம் முன்கூட்டித் தெரிந்திருந்தால் அவற்றில் ஏறக்குறைய எல்லாமே தவிர்க்கக்கூடியவை.

பயணச்சீட்டை முன்பே வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம்தான் முதல் தவறு. லண்டனில் முன்கூட்டிப் பணம் ஏற்றி வைக்கும் ஆய்ஸ்டர் பயண அட்டையையோ, தொட்டாலே பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையையோ வாசலில் உள்ள மஞ்சள் கருவியில் தொட்டுவிட்டுப் பயணம் செய்யலாம். அன்றைய பயணங்களின் கட்டணத்தைக் கணினியே கூட்டிக்கொண்டு வந்து, ஓர் உச்சவரம்பை எட்டியதும் மேற்கொண்டு எடுப்பதை நிறுத்திவிடும். காகிதத்தில் விற்கப்படும் ஒருநாள் சீட்டின் விலை அந்த உச்சவரம்பைவிட அதிகம். அதைத் தெரியாமல் வாங்குபவர்கள் எத்தனையோ பேர். வாரத்துக்கும் இப்படி ஓர் உச்சவரம்பு உண்டு என்றாலும், அந்த வாரம் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வியாழனன்று வந்து அடுத்த புதனன்று திரும்புபவரின் பயணங்கள் இரண்டு வாரங்களாகப் பிரிந்துவிடுவதால், இரண்டு வாரத்திலும் அவர் உச்சவரம்பைத் தொடாமலே போகக்கூடும். அத்தகையவர் எந்த நாளிலும் தொடங்கக்கூடிய ஏழு நாள் சீட்டின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

இந்தக் கணக்கு சரியாக நடக்க ஒரே அட்டையை நாள் முழுவதும் தொட வேண்டும். காலையில் அட்டையையும் மாலையில் அதே அட்டை பதிவாகியிருக்கும் கைப்பேசியையும் தொட்டால், வங்கிக் கணக்கு ஒன்றாகவே இருந்தாலும், கணினி அவற்றை இரண்டு பயணிகளாகத்தான் கருதும். உச்சவரம்பின் பலன் கிடைக்காது. நுழையும்போது ஒன்றையும் வெளியேறும்போது மற்றொன்றையும் தொட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். முடிவடையாத பயணங்கள் இரண்டு எனக் கொண்டு, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் எடுக்கப்படும். ஒரே அட்டையில் இருவர் சேர்ந்து பயணம் செய்யவும் இயலாது. 11 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் கட்டணம் செலுத்தும் பெரியவரோடு சுரங்க ரயிலில் இலவசமாகவே செல்லலாம்; 11 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு, நிலைய ஊழியரிடம் கேட்டால், அவர்களுடைய ஆய்ஸ்டர் அட்டையில் 14 நாள்கள் வரை அரைக்கட்டணச் சலுகையைப் பதிந்து தருவார். இதைக் கேட்காமலே பிள்ளைகளுக்கு முழுக் கட்டணம் செலுத்தும் குடும்பங்கள் உண்டு. வெளிநாட்டு வங்கி அட்டையைப் பயன்படுத்த நினைப்பவர், அந்த வங்கி ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் பிடிக்குமா என்பதைக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். கிரீனிச்சுக்குச் செல்லும் டி.எல்.ஆர். இலகு ரயிலின் பெரும்பாலான நிலையங்களில் தடுப்புக் கதவுகளே இல்லாததால், பலர் தொட மறந்து நேராக வெளியே நடந்துவிடுகிறார்கள். கதவு இல்லாவிட்டாலும் கருவி இருக்கிறது. பேருந்தில் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். முதல் பேருந்தில் ஏறித் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து எத்தனை பேருந்துகளில் ஏறினாலும், அதே அட்டையைத் தொடும்வரை, ஒரு கட்டணம்தான்.

அடுத்த தவறு வரைபடத்தை நம்புவதில் இருக்கிறது. ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான சுரங்க ரயில் வரைபடத்தின் வழிவந்ததே இன்றைய வரைபடமும். எந்த நிலையத்தில் எந்தத் தடத்துக்கு மாறலாம் என்பதைத் தெளிவாகக் காட்டுவதற்காக, உண்மையான தூரங்களை அது கைவிட்டுவிட்டது. லெஸ்டர் சதுக்கத்துக்கும் காவென்ட் கார்டனுக்கும் இடையே ஏறத்தாழ 260 மீட்டர்தான். கீழே இறங்கி ரயிலுக்குக் காத்திருந்து மேலே வரும் நேரத்துக்குள் நடந்தே போய்விடலாம். பேஸ்வாட்டர், குவீன்ஸ்வே ஆகிய நிலையங்கள் வெவ்வேறு தடங்களில் இருந்தாலும் ஒரே தெருவில் அமைந்தவை. டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்கும் ஒய்ட்ஹால் வழியாகக் கால் மணி நேர நடைதான், அதுவும் பார்ப்பதற்கு நிறைய உள்ள நடை. நிலத்துக்கு அடியிலேயே ஊர் முழுவதையும் கடந்து செல்பவர் ஊரைப் பார்க்காமலே திரும்புகிறார். எனவே ரயில் வரைபடத்தோடு சாதாரணத் தெரு வரைபடம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

தடத்தின் நிறத்தை மட்டும் பார்த்து ரயிலில் ஏறுவதும் ஆபத்தானது. கறுப்பு நிற நார்தர்ன் தடம் நகர மையத்தில் இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. கேம்டன் சந்தையைப் பார்த்துவிட்டு லெஸ்டர் சதுக்கத்துக்குத் திரும்ப வேண்டியவர், பேங்க் என்ற நிலையம் வழியாகச் செல்லும் ரயிலில் ஏறிவிட்டால் நகரின் வேறொரு பகுதியில் போய் இறங்குவார். சேரிங் கிராஸ் வழி என்று அறிவிப்புப் பலகையில் உள்ள ரயிலுக்கே அவர் காத்திருக்க வேண்டும். கியூ தாவரவியல் பூங்காவுக்குச் செல்பவர் பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் தடத்தில் ரிச்மண்ட் ரயிலைத்தான் பிடிக்க வேண்டும். அதே தடத்தின் விம்பிள்டன் ரயில் அங்கே போகாது. ஊர் திரும்பும் நாளில் பிக்காடில்லி தடத்தில் ஹீத்ரோ விமான நிலையத்துக்குச் செல்பவர்கள், ரயில் நான்காம் முனையத்துக்கா ஐந்தாம் முனையத்துக்கா என்பதைப் பார்த்து ஏறாவிட்டால், விமானம் தவறிவிடுமோ என்ற பதற்றம் மிச்சமாகும்.

ஹீத்ரோவிலிருந்து நகருக்கு வருவதற்கு மூன்று ரயில்கள் உள்ளன. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிடத்தில் பேடிங்டன் ரயில் நிலையத்தை அடைகிறது. ஆனால் கட்டணம் மிக அதிகம், பேடிங்டனில் இறங்கி இன்னொரு ரயிலும் மாற வேண்டியிருக்கும். 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் தடம் நகர மையத்துக்குள்ளேயே நேராகச் செல்கிறது. எல்லாவற்றிலும் குறைந்த கட்டணம் பிக்காடில்லி தடத்தில்; ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும் என்றாலும், தங்குமிடம் சவுத் கென்சிங்டன், ரசல் சதுக்கம் போன்ற பகுதிகளில் இருப்பவருக்கு மாறாமல் வரும் வசதி அது. கனமான பெட்டிகளோ, குழந்தை வண்டியோ, மூட்டுவலியோ உள்ளவர்கள் படியில்லாத நிலையங்களைக் குறிக்கும் சக்கர நாற்காலிச் சின்னத்தை வரைபடத்தில் தேடிவிட்டே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டைத் தவிர வேறு வழியில்லை. பேருந்துகள் அனைத்திலும் சாய்தளம் உண்டு.

இரவு முழுவதும் சுரங்க ரயில் ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளி, சனி இரவுகளில் ஐந்து தடங்களில் மட்டுமே அந்தச் சேவை உண்டு. மற்ற நாள்களில் நள்ளிரவைத் தாண்டியதும் நிலையங்கள் மூடத் தொடங்கும். அதன் பிறகு இரவுப் பேருந்துகளே துணை. வார இறுதிகளில் பராமரிப்புக்காகத் தடங்களின் சில பகுதிகளை மூடுவதும் வழக்கம் என்பதால், சனிக்கிழமை காலையில் கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகைக் காரில் திரும்ப நேர்ந்தால், தெருவில் கைகாட்டி நிறுத்தி ஏறுவதற்கு உரிமம் பெற்றவை கறுப்பு டாக்சிகள் மட்டுமே. மற்ற வண்டிகளை முன்பதிவு செய்தே அழைக்க வேண்டும். நிலைய வாசலிலோ விடுதி வாசலிலோ நின்று தானாக வந்து அழைக்கும் ஓட்டுநரின் வண்டியில், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், எவ்வளவு குறைந்த கட்டணம் சொன்னாலும் ஏறாதீர்கள்; அவ்வாறு ஆள் பிடிப்பது சட்டவிரோதம், காப்பீடும் செல்லாது.