பழைய டிரம்மை சின்ன ஃப்ளோர் டாமா மாத்தறது எப்படி

பாம்பேல 16 இன்ச் ஃப்ளோர் டாமை (டிரம் செட்ல மூணு காலோட தரைல நிக்கற டிரம்) வீட்டுல வைக்கவும் இடம் கிடையாது, லோக்கல் ட்ரெயின்ல ஏத்திக்கிட்டு போகவும் முடியாது, அதனால சர்ச்லயோ மெல்லிசைக் குழுலயோ வாசிக்கறவங்களுக்கு 14 இன்ச் தாராளமா போதும்னுதான் நான் எப்பவும் சொல்வேன். ஜாஸ் வாசிக்கறவங்க 18 இன்ச் பேஸ், 12 இன்ச் டாம், 14 இன்ச் ஃப்ளோர் டாம்னு காலங்காலமா வாசிச்சுட்டுதான் இருக்காங்க. பழைய மார்ச்சிங் ஸ்னேரோ (அணிவகுப்புல மாட்டிக்கிட்டு வாசிக்கற, அடில கம்பி வச்ச டிரம்) செட்டு பிரிஞ்சு தனியா கிடக்கற டாமோ கிடைச்சா மூணு கால் மாட்டி அதையே ஃப்ளோர் டாம் ஆக்கிடலாம். ஆழம் 10லேந்து 14 இன்ச் வரை இருக்கட்டும். எவ்வளவு கீழ டியூன் ஆகும்ங்கறத பெரும்பாலும் விட்டம்தான் முடிவு பண்ணும், ஆழம் கம்மியா இருந்தா அடிச்ச உடனே பேசும், அவ்ளோதான்.

தேடறதுக்கு சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட், அதுவும் வெள்ளிக்கிழமை ரோட்டுலயே கடை விரிக்கற ஜும்மா பஜாருக்கு விடிகாலைலயே போயிடுங்க. கையில ஒரு பழைய 14 இன்ச் ஹெட் (டிரம்ல அடிக்கற தோல்) கண்டிப்பா எடுத்துட்டு போங்க, ஏன்னா 1960கள்ல வந்த பிரீமியர் கம்பெனி ஷெல் (டிரம்மோட உடம்பு) நிறைய இப்போதைய அளவ விட ஒரு பொடி பெருசு, இன்னைக்கு கடைல விக்கற ஹெட் அதுல இறங்காது. ஹெட்டை வச்சு விரலால சுத்திப் பாருங்க, எங்கயும் இறுக்காம சுத்தணும். டேப் வச்சு நாலஞ்சு இடத்துல விட்டம் அளங்க, ரெண்டு மூணு மில்லிமீட்டர் வித்தியாசம்னா பரவால்ல, அதுக்கு மேல போனா எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுடுங்க.

உள்ள டார்ச் அடிச்சுப் பாக்கறது ரொம்ப முக்கியம். நம்ம ஊர் மழைல ப்ளை (ஒட்டின மர அடுக்கு) பிரிஞ்சிருக்கும், பூஞ்சை பிடிச்சிருக்கும், சில சமயம் வண்டு துளைச்சிருக்கும். வெளிய சுத்தி ஒட்டின ரேப் கிழிஞ்சிருந்தா ஒட்டிக்கலாம், துரு பிடிச்ச ரிம்மை (ஹெட்டை அழுத்திப் பிடிக்கற வளையம்) வினிகர் தொட்டு அலுமினிய ஃபாயிலால தேச்சா நல்லாவே வரும், ஆனா ஷெல் போச்சுன்னா எல்லாம் போச்சு. பேண்ட் பார்ட்டி சைட் டிரம்ல மேலேந்து கீழ வரை ஹெட்டை இறுக்கற ஒரே கம்பி ஓடும், அதுல ரெண்டு ஹெட்டையும் தனித்தனியா டியூன் பண்ண முடியாது, அதனால மேலுக்கும் கீழுக்கும் தனி டென்ஷன் ராட் (அந்த இறுக்கற கம்பி) இருக்கறதா பாத்து எடுங்க. இப்போதைய ஹை டென்ஷன் மார்ச்சிங் ஸ்னேரும் வேண்டாம், கனம் தாங்காது.

வீட்டுக்கு வந்ததும் ஹெட்டை கழட்டி ஷெல்லை கிச்சன் கிரானைட் மேடைல கவுத்து, உள்ள டார்ச் போட்டு, லைட்டை அணைச்சுடுங்க. எட்ஜுக்கு (ஹெட் உக்கார்ற ஷெல் விளிம்பு) கீழ வெளிச்சம் கசியற இடமெல்லாம் மேடு பள்ளம். ஸ்னேரா இருந்தா கீழ் எட்ஜுல ஸ்னேர் கம்பி உக்கார எதிரெதிரா ரெண்டு பள்ளம் வேணும்னே வச்சிருப்பாங்க, அது குறை இல்ல, அந்தப் பக்கம் ஹெட் சுருங்காம இருக்க அந்த இடத்துல ராடை கொஞ்சம் கூட இறுக்கினா போதும். மத்த மேடு பள்ளத்துக்கு கிரானைட் மேலயே உப்புத்தாள் ஒட்டி ஷெல்லை மெதுவா சுத்தித் தேய்ங்க. பழைய உருண்டை எட்ஜை கூரா வெட்டிடாதீங்க, அந்த இதமான சவுண்டே பாதி அதுலதான் இருக்கு.

இப்ப துளை விஷயம். ஒரிஜினல் பேட்ஜோட, கூடுதல் துளை ஒண்ணும் இல்லாம லட்விக், கிரெட்ச், ஸ்லிங்கர்லேண்ட் மாதிரி பேர்போன கம்பெனியோட ஒரு பழைய டிரம் கைக்கு கிடைச்சா தயவுசெஞ்சு ட்ரில் பண்ணாதீங்க, போட்ட துளைய திரும்ப எடுக்க முடியாது. அதை ஸ்னேர் ஸ்டாண்ட்ல வச்சு வாசிங்க, இல்ல ரிம்ல கவ்வற கால் பிராக்கெட் வாங்குங்க. ஏற்கனவே யாரோ துளை போட்டு மதிப்பு போன ஷெல்தான் இந்த வேலைக்கு சரியான ஷெல்.

ட்ரில்தான்னு முடிவாச்சுன்னா, 6 லக் (ராட் போய் திருகற, ஷெல்ல மாட்டின பிடி) இருந்தா ஒண்ணு விட்டு ஒரு இடைவெளில பிராக்கெட் வச்சா மூணும் சமமா வந்துடும். 8 லக்ல சமமா வராது, இடைவெளிகளோட நடுவுல வச்சா 135, 135, 90 டிகிரின்னு விழும், அது நிக்கும், 90 வர்ற பக்கத்த உங்க பக்கமா வச்சுக்கோங்க. ஆழம் குறைய குறைய கால் நீளமா வேணும்ங்கறதயும் மறந்துடாதீங்க. மேல் ஹெட் தரைலேந்து 25 இன்ச் உயரத்துல வரணும்னா 14 இன்ச் ஆழத்துக்கு 18 இன்ச் கால் போதும், 10 இன்ச் ஆழத்துக்கு 22 இன்ச் கிட்ட வேணும், அதனால தடிமனான காலா எடுங்க, இல்லனா ஆடும். காலை சொருகிப் பாத்து கீழ் ரிம்ல இடிக்காம போகுதான்னு உறுதி பண்ணிட்டு, அப்புறமா மார்க் பண்ணுங்க.

மாஸ்கிங் டேப் ஒட்டி, உள்ளேந்து ஒரு மரக்கட்டைய அழுத்திப் பிடிச்சு, முதல்ல 3 மில்லிமீட்டர் பிட், அப்புறம் போல்ட் அளவு பிட். கட்டை இல்லாம போட்டா உள்பக்கம் ப்ளை பிச்சுக்கிட்டு வரும். போல்ட்டும் அகல வாஷரும் நாக்தேவி ஸ்ட்ரீட்ல எந்த அளவுலயும் கிடைக்கும். லக்குக்குள்ள ஸ்ப்ரிங் இருந்தா கொஞ்சம் பஞ்சு சுத்திடுங்க, இல்லனா அது தனியா கிணுகிணுங்கும். ஷெல்ல இருக்கற காத்துத் துளைய அடைக்காதீங்க.

மேல கோட்டட் சிங்கிள் ப்ளை ஹெட் (பூச்சு உள்ள ஒத்த அடுக்கு), கீழ மெல்லிசான க்ளியர் ஹெட், கீழ் ஹெட்டை ஒரு பொடி கூட இறுக்கி வைங்க. காலோட ரப்பருக்கு அடில ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வச்சா நாதம் நல்லா நீளும், கீழ் வீட்டுக்காரங்களுக்கும் அதிர்வு குறையும். ரெண்டு மூணு தடவ வாசிச்ச பிறகு பிராக்கெட் போல்ட்டையெல்லாம் திரும்ப இறுக்கிடுங்க, பழைய மரம் வாஷருக்கு கீழ கொஞ்சம் அமுங்கும்.